மன்னார்ச் சலாபமும் அரசின் சட்டங்களும்

ஓர் அரசு இயற்றும் சட்டங்களுள் மக்களின் அன்றாட வாழ்வை நேரிற் சென்று தொடுவன மூன்று வகைப்படும். உயிருக்கும் உடைமைக்கும் காவல் செய்யும் சட்டங்கள் ஒரு வகையின. குடியிருக்கும் இடத்தை ஒழுங்கு செய்யும் சட்டங்கள் மற்றொரு வகையின. உழைப்போனுக்கும் உழைப்பின் பயனைப் பெறுவோனுக்கும் இடையேயுள்ள ஒப்பந்தத்தை வரையறுக்கும் சட்டங்கள் மூன்றாம் வகையின. பொதுவாக இம்மூன்றும் வெவ்வேறு திணைக்களங்களின் பொறுப்பில் அமைவன. ஆராய்ச்சியாளரும் இவற்றைத் தனித்தனியாகவே நோக்குவர். ஆனால், இலங்கையின் வடமேற்குக் கரையிலே, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை அடுத்த மணல்வெளியில், இம்மூன்றும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒருங்கே தொழிற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதுவே முத்துச் சலாபத்தின் வரலாறாகும்.

சலாபத்தைப் பற்றி எழுதியோர் பலர் முத்தின் அழகையும், குளிகாரரின் துணிவையும், கரையில் திரண்ட பன்னாட்டு மக்களின் கோலத்தையும் விரித்துரைத்துள்ளனர். அவை சுவையானவை. ஆயினும், அச்சலாபத்தை நடத்திய அரசு எதனைக் காக்கச் சட்டம் செய்தது, யாருக்குக் கூரை அமைத்தது, யாரோடு என்ன ஒப்பந்தம் செய்தது என்னும் வினாக்களை எழுப்பி நோக்குவோமாயின், குடியேற்ற ஆட்சியின் இயல்பும், அவ்வாட்சி இக்கரைக்கு விட்டுச் சென்ற மரபும் தெளிவாகும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவேயாகும்.

சலாபத்தின் தொன்மை

மன்னார்க் குடாவின் இருமருங்கிலும் முத்துக் குளிக்கும் தொழில் மிகத் தொன்மையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கடற் பயண நூலாகிய பெரிப்புளூஸ், பாண்டியரின் கொற்கைப் பகுதியிலே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதெனக் கூறுகின்றது. இச்செய்தி மனங்கொள்ளத்தக்கது. கடலடியில் இறங்குதல் உயிருக்கு இறுதி நேரக்கூடிய தொழில் என்பதும், அதனைச் செய்விக்க அரசனின் அதிகாரம் வேண்டியிருந்தது என்பதும் இதனாற் புலனாகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, வணிகர் தாம் பெற்றதிற் பத்திலொரு பங்கை அரசனுக்கும், கடல்வாழ் கொடிய மீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொரு பங்கையும் கொடுத்தனர் என்று குறித்துள்ளார். 1344ஆம் ஆண்டிலே புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பத்தூத்தா, அம்மன்னனிடம் முத்துக்கள் குவிந்திருந்தமையைக் கண்டு எழுதினார். எனவே, ஐரோப்பியர் வருமுன்னரே இத்தொழில் அரசின் வருவாய்த் துறையாக விளங்கியதென்பது ஐயமற்றது.

1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அக்காலத்தை அடுத்து இப்பகுதிக்கு வந்த வெனிசு நகர வணிகர் சீசர் பிரடெரிக்கு, சலாபம் ஏறத்தாழ ஐம்பது நாள் நடைபெற்றதென்றும், அந்நாள்களுக்கென்றே வீடுகளும் கடைத்தெருக்களும் கொண்ட ஊர் ஒன்று கரையில் எழுந்து பின்னர் மறைந்ததென்றும், கடற்கொள்ளையரிடமிருந்து குளிகாரரைக் காக்கப் படைக்கலம் தாங்கிய கப்பல்கள் சில நிறுத்தப்பட்டன என்றும், பிடிபட்டதில் ஒரு பங்கு போர்த்துக்கல் மன்னருக்குரிய வரியாகச் சென்றதென்றும் விவரித்துள்ளார். காவல், குடியிருப்பு, பங்கீடு என்னும் மூன்று உறுப்புகளும் அக்காலத்திலேயே ஒன்றுசேர்ந்துவிட்டமை ஈண்டு நோக்கற்பாலது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குளிகாரன் கடலில் இறங்கப் பயன்படுத்தும் கல்லையே அளவாகக் கொண்டு, கல்லுக்கு இவ்வளவு என வரி விதிக்கும் முறையைக் கையாண்டனர். பாண்டிக் கரையை ஆண்டோரும் சலாபத்தில் உரிமை கொண்டாடினர். ஆர்க்காட்டு நவாபுடன் எழுந்த பிணக்கின் விளைவாக 1768 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மன்னார்க் கரையிற் சலாபமே நடைபெறவில்லை. உரிமை பற்றிய வழக்குத் தீராதவிடத்துக் கடலின் விளைவு ஒருவருக்கும் பயன்படாது போயிற்று.

1795இல் மன்னார் ஆங்கிலேயர் கைப்பட்டது. நெடுங்காலம் தீண்டப்படாது கிடந்த பார்களில் முதிர்ந்த சிப்பிகள் நிறைந்திருந்தமையால் 1796 முதல் மூன்றாண்டுகள் பெரும் பணம் ஈட்டப்பட்டது. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், சலாபத்தை நேரில் நின்று கண்காணிக்கும் பொருட்டு அரிப்பிலே கடலோரமாக மாளிகையொன்றை எழுப்பினார். கிரேக்கக் கட்டடக் கலையின் டொரிக் முறையில் அமைந்தமையால் அது அப்பெயராலேயே வழங்கலாயிற்று. ஒரு நாட்டின் ஆள்பதி ஒரு மீன்பிடிக் கரையிலே தனக்கு மாளிகை அமைத்துக்கொள்வதாயின், அக்கரை அவ்வரசின் கருவூலத்தில் எத்துணை இடம்பெற்றிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காவற் சட்டம்

ஆங்கிலேயர் சலாபம் குறித்து இயற்றிய சட்டங்களுள் மிகவும் புகழ்பெற்றது 1811ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பிரமாணமாகும். மாட்சிமை தங்கிய மன்னரின் முத்துப் பார்களைக் காத்தலே அதன் நோக்கம். பார்களின் எல்லைக்குள் நங்கூரமிட்டு நின்றாலும், அருகில் காரணமின்றிச் சுற்றித் திரிந்தாலும், அக்கலம் பறிமுதல் செய்யப்படலாம் என்பது அதன் சாரம். பெரிய பார், சேவல் பார் முதலிய பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் உள்ளன. ஒரு நாட்டின் ஆட்சி கரையிலிருந்து மூன்று மைல் வரையே கடலிற் செல்லும் என்னும் கொள்கை 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றபோது, அவ்வெல்லைக்கு அப்பாலும் செல்லும் இச்சட்டம் உலக அரங்கிற்கு வந்தது. பேரிங் கடலின் கடல்நாய் வேட்டை பற்றி அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே எழுந்த வழக்கு 1893இல் பாரிசு நகரில் நடுவர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டபொழுது, அமெரிக்கத் தரப்பினர் இலங்கை முத்துச் சட்டத்தைத் தமக்குச் சான்றாக எடுத்துக்காட்டினர். கடலடி நிலத்தோடு ஒட்டி வாழும் சிப்பியின் நிலை வேறு, நீந்தித் திரியும் விலங்கின் நிலை வேறு என்பது பிரித்தானியர் விடையாயிற்று. மன்னார்க் கடலின் அடிநிலம் பற்றிய ஒரு சிறு சட்டம் சர்வதேசச் சட்ட நூல்களில் இடம்பெற்ற வரலாறு இதுவாகும்.

ஆனால், இச்சட்டம் காத்தது சிப்பியை. சிப்பியை எடுப்பவனை அன்று. குளிகாரன் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, காலிற் கட்டிய கல்லின் பாரத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் நிரப்பி, மேலே கயிறு பிடிப்போனின் கவனத்தை நம்பி எழுகின்றான். அவனது உயிர்க்காவலுக்கென அரசு செய்த ஏற்பாடுகளுள் குறிப்பிடத்தக்கது ஒன்று உண்டு. அது சுறாவை மந்திரத்தாற் கட்டும் ‘கடல்கட்டி’யின் நியமனமாகும். கார்டினர், டெனன்ட் முதலியோர் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளனர். கடல்கட்டி அரசிடம் ஊதியம் பெற்றதோடு, தோணிதோறும் சிப்பி பெறும் உரிமையும் உடையவனாயிருந்தான். அவன் கரையில் நின்று மந்திரம் சொல்லாவிடின் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அதிகாரிகள் இச்செலவை ஏற்றமைக்குக் காரணம் வெளிப்படை. கடல்கட்டி இல்லையெனின் குளிப்பு இல்லை, குளிப்பு இல்லையெனின் வருவாய் இல்லை. மார்க்கோ போலோ கண்ட இருபதிலொரு பங்கு, ஆறு நூற்றாண்டுகள் கழித்து ஆங்கில அரசின் செலவேட்டில் இடம்பெற்றமை வரலாற்றின் விந்தையெனலாம். இதனை மூடநம்பிக்கை என்று மட்டும் தள்ளுதல் பொருந்தாது. சலாபத்தின் விதிகளுள் குளிகாரர் தாமே வற்புறுத்தி அரசை ஏற்கச் செய்த விதி இதுவெனக் கொள்ள இடமுண்டு.

கரையிலிருந்த காவல் வேறு வகையினது. சிப்பியைக் கடலிலேயே திறந்து முத்தை மறைத்தல், விழுங்குதல், பங்கீட்டுக்கு முன் கைமாற்றுதல் என்பவற்றைத் தடுப்பதே அதன் தலையாய பணி. 1906ஆம் ஆண்டுச் சலாபத்திற் பணிபுரிந்த லெனாட் வுல்ப், பிற்காலத்தில் எழுதிய தன் வரலாற்று நூலில், 30,000 முதல் 40,000 வரையான மக்கள் திரண்ட அவ்விடத்தைச் சில சிவில் சேவை அலுவலரும் சிறு பொலிசுப் படையுமே அடக்கி நடத்தியதை நினைவுகூர்ந்துள்ளார். எழுதப்பட்ட சட்டம் அங்கு எவ்வாறு நடைமுறையாயிற்று என்பதற்கு அவர் அவ்வாண்டிலே தம் நண்பருக்கு வரைந்த கடிதமே சான்று. அராபியக் குளிகாரரை ஒழுங்கிற்குக் கொணரத் தாம் இரவு பகலாகக் கைத்தடியைப் பயன்படுத்தியதாக அதில் அவர் கூறுகின்றார். பின்னாளிற் பேரரசு வாதத்தைக் கடுமையாகக் கண்டித்த ஒருவரின் கூற்று இதுவாதலின், இதனைப் புறக்கணித்தல் இயலாது. சட்டப் புத்தகத்துக்கும் குளிகாரனுக்கும் நடுவே ஓர் இளம் அதிகாரியின் கைத்தடி நின்றது.

குடியிருப்பு

சலாபம் நடைபெறுமா என்பது முந்திய ஆண்டின் இறுதியிலேயே தீர்மானிக்கப்படும். பார்வையாளர் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவிப்பர். மதிப்பு நிறைவளிப்பின் அரசு விளம்பரம் வெளியிடும். பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் கடல் அமைதியுறும் வேளையிலே, அதுவரை ஆளரவமற்றுக் கிடந்த கரையில் ஓர் ஊர் எழும். அருவியாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த அரிப்பும், மோதரகம் ஆற்றுக்கு அண்மையிலுள்ள மரிச்சுக்கட்டியும் நன்னீர் கருதியே தெரிவு செய்யப்பட்டன எனக் கொள்ளலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சலாபங்களின்போது மரிச்சுக்கட்டியில் எழுந்த ஊர் அரசின் திட்டமிடலுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். காட்டுக் கம்பும் கிடுகும் கொண்டு தெருத் தெருவாகக் கொட்டில்கள் அமைக்கப்பட்டன. நீதிமன்றம், பொலிசு நிலையம், மறியற்சாலை, மருத்துவமனை, தபால் தந்தி நிலையம், கச்சேரி, சந்தை என்பன யாவும் கிடுகுக் கூரையின் கீழே இயங்கின. கீழக்கரை, தூத்துக்குடி, தொண்டி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து வந்த தமிழ்க் குளிகாரரும் முசுலிம் குளிகாரரும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், பம்பாய் வணிகரும், இரத்தினம் தேர்வோரும், முத்துத் துளைப்போரும், சிற்றுண்டிக் கடைக்காரரும் அங்கே குழுமினர். சலாபம் முடிந்த சில நாள்களில் அவ்வூர் மணலோடு மணலாகும்.

இக்குடியிருப்பை ஒழுங்கு செய்ததற்கு நோய் அச்சம் முதன்மையான காரணம். முத்தை எடுப்பதற்காகச் சிப்பிகள் வெயிலிற் குவிக்கப்பட்டு அழுகவிடப்பட்டன. அழுகிய பின்னர் தோணிகளில் இட்டுக் கழுவி முத்துப் பிரிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான சிப்பிகள் ஒருங்கே அழுகிய நாற்றமும் மொய்த்த ஈக்களும் பல மைல் தொலைவு பரவின என்பதை ஏறக்குறைய எல்லா நூலாசிரியரும் குறித்துள்ளனர். வாந்திபேதி தோன்றின் கூட்டம் சிதறும். கூட்டம் சிதறின் சலாபம் நின்றுவிடும். எனவே கிணறுகள் காவல் செய்யப்பட்டன. தெருக்கள் துப்புரவு செய்யப்பட்டன. நோயுற்றோர் பிரித்து வைக்கப்பட்டனர். பம்பாயிலே கொள்ளைநோய் பரவியதை அடுத்து இலங்கையில் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தடுப்புக்காவல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போதும் இதே சட்டத்தின் கீழ் ஒழுங்கு விதிகள் ஆக்கப்பட்டமை இளந்தலைமுறையினர் அறிந்ததே.

இவ்வேற்பாடுகளாற் குளிகாரனும் நன்மை பெற்றான் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தூய நீரும் மருத்துவமும் அவனுக்கும் கிடைத்தன. ஆனால், அக்கூரை அவனுக்குப் பருவம் முடியும்வரையே உரியதாயிருந்தது. சலாபம் ஈட்டிய பெரும்பொருளில் இக்கரையூர்களுக்கு நிலையான வீடோ, பாடசாலையோ, துறைமுகமோ எழுந்ததென்று சொல்வதற்குச் சுவடு காணல் அரிது. இன்று எஞ்சி நிற்பது கடலரிப்பிற் சிதைந்துவரும் நோர்த்தின் டொரிக் மாளிகையின் சுவர்களே.

ஒப்பந்தமும் பங்கீடும்

ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் சலாபம் குத்தகைக்கு விடப்பட்டது. கொழும்பிற் குருவாயிருந்த ஜேம்சு கார்டினர் 1807இல் வெளியிட்ட நூலில், 1804ஆம் ஆண்டுச் சலாபம் 150 தோணிகளைக் கொண்டு முப்பது நாள் குளிப்பதற்கென யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு மூன்று இலட்சம் பறங்கிப்பேட்டை வராகனுக்குக் குத்தகையாக விடப்பட்டதெனக் கூறுகின்றார். இத்துணைப் பெருந்தொகைக்கு உடன்பட்ட குத்தகைகாரரின் நிலை சூதாடுவோனின் நிலையை ஒத்தது. காற்று மாறினாலும், நீர் கலங்கினாலும், சிப்பியில் முத்துக் குறைந்தாலும் இழப்பு அவருடையது. அரசின் தொகையோ முன்னரே உறுதிசெய்யப்பட்டது.

பின்னர்க் குத்தகை முறை கைவிடப்பட்டு, அரசே நேரிற் சலாபத்தை நடத்தும் முறை ஏற்பட்டது. இம்முறையில் தோணிகள் கரையை அடைந்ததும் சிப்பிகள் யாவும் ‘கொட்டு’ எனப்பட்ட பெரிய வேலியடைப்பினுள் கொண்டுசெல்லப்படும். அங்கே ஒவ்வொரு தோணியினரும் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாக இடுவர். எவ்விரண்டு அரசுக்குரியன என்பதை அதிகாரி சுட்டுவார்; எஞ்சிய ஒன்று தோணியினருக்கு. எக்குவியல் தமக்கு வாய்க்கும் என்பதை அறியாமையால் மூன்றையும் சமமாக இடுவது குளிகாரருக்கே நலமாயிற்று. அளவில் ஏமாற்றைத் தடுக்க இதனினும் எளிய சூழ்ச்சி காண்டல் அரிது. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டது. தோணியினரின் பங்கிலே தோணிக்குடையவரான சம்மாட்டிக்கும், தண்டேலுக்கும், கயிறு பிடிப்போருக்கும் கூறுகள் போக மிஞ்சியதே குளிகாரனுடையது.

இம்மூன்றிலொரு பங்கை எவ்வாறு மதிப்பிடுவது? 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இக்கணக்கின்படி அரசின் பங்கு ஐந்து கோடிச் சிப்பிகளுக்கு மேல். தோணியினரின் பங்கு இரண்டரைக் கோடிக்கு மேல். கடலில் இறங்காத அரசு இரண்டு பங்கையும், இறங்கியவர் ஒரு பங்கையும் பெற்றனர் என்று இதனைக் கூறலாம். மறுபுறம், அக்காலத் தோட்டக் கூலியோடு ஒப்பிடுவோர், நாட்கூலிக்குக் கட்டுப்படாது விளைவிற் பங்கு பெற்ற குளிகாரன் உயர்ந்த நிலையில் இருந்தான் என்று வாதிடுவர். ஆயிரக்கணக்கானோர் தாமாகவே விரும்பிக் கடல் கடந்து வந்தமை இவ்வாதத்துக்கு வலுவூட்டுகின்றது. பெரிப்புளூஸ் கூறும் கைதிகளின் நிலையோடு ஒப்பிடுமிடத்து இது பெருமாற்றமே.

ஆயினும், பங்கு முறையின் நுட்பம் வேறோரிடத்தில் உளது. குளிகாரனுக்குக் கிடைத்தது பணமன்று, திறக்கப்படாத சிப்பி. அதனுள் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்வரை காத்திருக்க அவனுக்கு இடமுமில்லை, காலமுமில்லை; மறுநாள் விடியுமுன் தோணி மீண்டும் புறப்படும். ஆதலாற் கொட்டின் வாயிலிலேயே காத்து நின்ற சிறு வணிகரிடம் ஒரு கைப்பிடி இரு கைப்பிடியாக அவன் தன் பங்கை விற்றான். பெருவணிகர் அரசின் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் வாங்க, அரசு தனது விலையைப் போட்டியினால் உயர்த்திக்கொண்டது. குளிகாரனின் விற்பனைக்கு ஏலமுமில்லை, காப்புமில்லை. மூச்சடக்கி இறங்கும் இடரை ஏற்றவன், சந்தையின் இடரையும் தானே ஏற்றான். மேலும், பங்காளி எனப்பட்டமையால் அவன் சட்டத்தின் கண்ணில் வேலையாள் ஆகவில்லை. தொழிலின்போது காயமுற்ற வேலையாளுக்கும் இறந்தவனின் குடும்பத்துக்கும் நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1934இலேயே, அவ்வாண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக, இயற்றப்பட்டது. அப்பொழுது சலாபங்கள் ஓய்ந்துவிட்டன.

1906ஆம் ஆண்டுக் குத்தகை

1891ஆம் ஆண்டுக்குப் பின் பன்னீராண்டுக் காலம் சலாபம் நடைபெறவில்லை. பார்கள் வறிதானமைக்குக் காரணம் காணும் பொருட்டுப் பேராசிரியர் ஹேட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தார். அவரும் ஜேம்சு ஹோனெலும் செய்த ஆய்வின் பயனாக 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த அறிக்கை, இலங்கைக் கடலுயிர் ஆராய்ச்சியின் அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படுகின்றது. 1903இல் சலாபம் மீண்டும் தொடங்கியது. 1905ஆம் ஆண்டின் பெருவிளைவைக் கண்ட பின்னரே, அரசு தன் கொள்கையைத் திடீரென மாற்றியது. 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வாடகையில், இலண்டனில் அமைந்த ‘இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி’க்கு முத்துப் பார்கள் குத்தகையாக விடப்பட்டன.

1905இல் ஒரே பருவத்தில் அரசு பெற்ற வருவாய் இவ்வாடகையின் எட்டு மடங்காகும். ஆயின், பார்கள் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தலும் உண்டு என்பதை அண்மைக்கால அனுபவம் காட்டியிருந்தது. நிலையற்ற பெருவருவாயைக் காட்டிலும் நிலையான சிறுவருவாய் நன்று என அரசு எண்ணியிருத்தல் கூடும். விளைவு அரசின் கணிப்புக்குச் சாதகமாயிற்று. கம்பனியின் முதலிரு பருவங்களுக்குப் பின்னர்ப் பார்கள் மீண்டும் வறிதாயின; சில ஆண்டுகளிற் கம்பனி கலைக்கப்பட்டது; சிப்பி வளர்ப்புப் பற்றிய நம்பிக்கைகளும் அதனோடு மறைந்தன.

இக்குத்தகையில் ஒரு செய்தி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கடலின் விளைவு கம்பனியின் உடைமையாயிற்று. ஆனால் 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின் ஒழுங்கைக் காத்தோர் அரசின் அலுவலரே. வுல்ப் கொட்டிலே நின்றது முடியரசின் ஊழியராக. அவர் பிரித்துக் கொடுத்த மூன்றிலிரண்டு பங்கோ கம்பனியின் இலாபமாயிற்று. அரசுக் காவலும் அரசுக் குடியிருப்பும் தனியார் ஒப்பந்தத்துக்குத் துணைநின்ற இவ்வமைப்பு, பின்வந்த பல பெருந்திட்டங்களிலும் காணக்கூடியதொன்று. குளிகாரனைப் பொறுத்தவரை அவன் கண்ட கொட்டு அதுவே, கைத்தடியும் அதுவே, பங்கும் அதுவே. எசமான் மாறியமையை அவன் அறிந்திருப்பானா என்பதே ஐயம்.

1925இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த குளிப்போடு பெருஞ்சலாபங்களின் காலம் முடிவுற்றதெனலாம். அவ்வாண்டிலேயே முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டம் முழுமையான வடிவில் இயற்றப்பட்டமை நகைப்புக்குரிய பொருத்தமாகும். சட்டம் நிறைவெய்தியபோது தொழில் மறைந்தது.

பிற்காலம்

சலாபம் மறைந்த பின்னரும் அதே கரையிலே காவலும் குடியிருப்பும் பற்றிய அரசின் ஆணைகள் ஓயவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முசுலிம்களை வெளியேற்றியபோது, மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை உள்ளிட்ட முசலிப் பகுதி முசுலிம்களும் தம் ஊர்களை இழந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் அவர்கள் திரும்பியபொழுது, ஆளற்றுக் கிடந்த நிலங்களிற் காடு வளர்ந்திருந்தது. 2012இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் அந்நிலங்கள் பலவற்றைக் காடாகப் பிரகடனம் செய்தது. 2017இல் மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனம் பற்றிய பிரகடனமும் மரிச்சுக்கட்டியை அடுத்த நிலங்களை உள்ளடக்கியது. வில்பத்துவை ஒட்டிய காட்டைக் காத்தல் நாட்டின் கடமை என்பது சூழல் ஆர்வலரின் வாதம்; தம் முன்னோர் வாழ்ந்த ஊரே தமக்குத் தடைசெய்யப்பட்டது என்பது மக்களின் வாதம். அண்மையிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் 2007இல் இடம்பெயர்ந்தனர். அவர்களது ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017இல் அவர்கள் நடத்திய தொடர் போராட்டத்தின் பின்னரே ஒரு பகுதி நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

இரு வாதங்களின் நியாயங்களையும் தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால், ஒரு வேறுபாட்டை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். வருவாய் கிட்டுமென அறிந்தபோது அதே மணல்வெளியில் நாற்பதினாயிரம் பேருக்குச் சில வாரங்களிற் கூரையும் கிணறும் மருத்துவமனையும் நீதிமன்றமும் அமைத்துக் கொடுக்க அரசால் இயன்றது. அங்கேயே பிறந்து வளர்ந்த சில ஆயிரம் குடும்பங்கள் மீள்குடியேற வந்தபோது, நிலம் யாருடையது என்னும் வினாவே முதலில் எழுந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. மன்னார்க் கரையிற் சட்டம் முதலிற் சென்றது கடலடி நிலத்துக்கு. அடுத்து விளைபொருளின் பங்கீட்டுக்கு. பின்னர்க் கூட்டத்தின் சுகாதாரத்துக்கு. உழைப்போனின் உயிருக்கும் நிலையான இல்லத்துக்கும் அது வந்து சேர நெடுங்காலம் சென்றது. சலாபத்தைப் பற்றி எஞ்சியுள்ள சான்றுகளும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றன. சிப்பிகளின் தொகை கோடிக்கணக்கில் ஒன்று விடாமல் எண்ணப்பட்டு அறிக்கைகளில் உள்ளது. ஏல விலை நாள்தோறும் பதியப்பட்டது. கடலில் இறங்கியவர்களின் சொற்களோ அதிகாரிகளின் எழுத்தினூடே மங்கலாக மட்டுமே கேட்கின்றன.

இன்றும் இக்கடலிற் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிப்போர் உளர். கல்லுக்குப் பதிலாகக் காற்றுக் கலனைச் சுமந்து, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் உரிமப் பத்திரம் பெற்று அவர்கள் இறங்குகின்றனர். எடுக்கத்தக்க உயிர் எது, எப்பருவத்தில், எவ்வளவு என்பவற்றைச் சட்டம் கூறுகின்றது. அவர்கள் என்ன விலைக்கு விற்கின்றனர், நீரடியில் இடர் நேரின் குடும்பத்தை யார் தாங்குவர், கரையில் அவர்களது வீடு எந்நிலத்தில் நிற்கின்றது என்பவற்றையும் பதிந்து வைப்பது வரலாறு கற்போர் செய்யத்தக்க பணி. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கீழக்கரையிலும் சலாபக் காலத்துக் கதைகளைத் தம் பாட்டன்மாரிடம் கேட்டறிந்த முதியோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. அவர்கள் சொல்வதை எழுதி வைப்பதிலிருந்து அப்பணி தொடங்குதல் வேண்டும்.